நம் மொழியில் இன்னொருவர் தெய்வம்

கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பாரசீகம் இருக்கிறது, அக்காலத்திலேயே நமக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள் என்பார்கள். சமய நல்லிணக்க மேடைகளிலும் அந்தக் கல் தவறாமல் வந்து நிற்கும். எனக்கு இந்த வாசிப்பில் ஒரு நெருடல் உண்டு.

சீனப் பேரரசர் யொங்லேயின் பெயரால் 1409 பெப்ரவரித் திகதியிட்டுப் பொறிக்கப்பட்ட கல் அது. கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு இங்கு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தபோது பொறியியலாளர் தோம்லின் அதைக் கண்டார். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயிலின் தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. அவர் திருமால் என்பதே பலரது கருத்து. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. காணிக்கைகள் ஏறத்தாழ ஒன்றேதான். பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, தூபக்கலங்கள், 2500 கட்டி வாசனை எண்ணெய் என்று பட்டியல் நீளுகிறது.

ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்கான பகுதி சொல்வதில்லை. தமிழை மட்டும் வாசிப்பவர், நாயனாரின் புகழ் கேட்டே பேரரசர் இத்தனையும் அனுப்பினார் என்றுதான் எண்ணுவார். இது மரியாதையா, தந்திரமா? அடுத்த ஈராண்டுக்குள் இதே கடற்படை இங்கு போரிட்டு, அழகேஸ்வர மரபின் ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார் என்பது வேறு கதை. இதைச் சொல்லாமல் கல்லை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்; தந்தை ஹாஜியார். பிறர் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்று ஸூரா அல்அன்ஆம் சொல்கிறது. ஏசாதிருப்பது ஒன்று, எண்ணெயும் தூபமும் சுமந்து போவது இன்னொன்று. 1344இல் இதே கோயிலைக் கண்ட இப்னு பதூதா, பொற்சிலையையும் அதன் மாணிக்கக் கண்களையும் விவரித்துவிட்டுக் காலிக்குப் போனார். விருந்தாளியாக வந்தவருக்கு அது போதும். பேரரசரின் ஊழியருக்குத் தெரிவு இருந்ததா? அவருடைய நிய்யத்தை அளக்க நம்மிடம் தராசு இல்லை. ஆனால் அனுப்பியவரின் நோக்கம் அரசியல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இருந்தும் அந்தக் கல்லை நான் தள்ளிவிட மாட்டேன். எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்ற நம் மேடைச் சோம்பல் அதில் இல்லை. அவரவர் வழங்கும் பெயரைத் தேடிக் கேட்டே எழுதியிருக்கிறார்கள். குறையும் உண்டு. இந்நாட்டுப் பௌத்தர் பேசும் சிங்களம் அதில் இல்லவே இல்லை. புத்தருக்கான புகழ் சீனத்தில் இருக்கிறது.

நம் நிலை இன்னும் விசித்திரமானது. அந்தக் கல்லில் மொழிக்கொரு சமயம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிமுக்கு அங்கே எந்தப் பகுதி? பெருமையோடு நாம் சுட்டிக்காட்டும் பாரசீகத்தை நம்மில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்? எழுத்துக்கூட்டியாவது நாம் வாசிக்கக்கூடியது தமிழ்ப் பகுதி ஒன்றுதான். அதில் இருப்பது அயல்வீட்டாரின் தெய்வத்தின் பெயர்.