நகம் சொல்லும் தீர்ப்பு

வண்ணார்பேட்டைப் பக்கத்துப் பட்டறையொன்றில் மங்கிய காருக்கு மெருகேற்றும் தொழிலாளியைச் சற்றே நின்று கவனிப்போமாயின், அவர் மெஷினைத் தொடுவதற்கு முன் கீறலின் குறுக்கே விரல்நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பதைக் காண்போம். நகம் தட்டி நின்றால் பாலிஷ் அதற்குப் பரிகாரமன்று. பெயிண்ட்தான் அடித்தாக வேண்டும். வழுக்கிச் சென்றாலோ, காம்பவுண்டு தடவித் தேய்க்கத் தொடங்குகிறார். கீறல் நிரம்பிவிட்டதென்று வண்டிக்காரர் மகிழ்வது வெறும் பிரமை. உண்மையில், கீறலைச் சூழ்ந்திருந்த நல்ல பரப்பும் அதன் அடிமட்டத்துக்குத் தேய்ந்து சமமாவதாலேயே, சிதறிக்கொண்டிருந்த ஒளி ஒழுங்காகத் திரும்பி, பிரகாசம் உண்டாகிறது. அவ்வாறு தேய்வதற்கு இடங்கொடுக்கும் கிளியர்கோட் என்னும் மேற்பூச்சோ, பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை பாலிஷ் போடச் சொல்லும் உற்சாகிகள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

தாமிரபரணிக் கரையில் வண்டியை இறக்கி, மணலில் விழுந்த துணியையே உதறி எடுத்துத் துடைக்கும் வழக்கத்தை (ஆற்றுக்கு அதனால் விளையும் கேடு தனிக்கதை) விட்டொழித்தாலே பல கீறல்கள் விழமாட்டா. ஆற்றுமணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் இரும்பையே கீறவல்லது. சோப்புநீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறொரு வாளி என்று பட்டறைக்காரர் சொல்லித்தான் அனுப்புகிறார், கேட்பவர்தாம் சொற்பம்.