அழிப்பவர் அறிந்திருக்கையில்

விதியை முன்னரே அறிவித்துவிட்டோம் என்பதனால், அவ்விதியின்படி ஒருவருக்கு நேரும் இழப்பில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட இயலுமா? பழைய வினாதான். இன்று அது கணினித் துறையில் புதுக்கோலம் பூண்டு நிற்கிறது.

மென்பொருள் எழுதுவோர் பலர் இப்போது தம் சொந்தக் கணினியில் வேலை செய்வதில்லை. தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினியில் தற்காலிகப் பணியிடம் ஒன்றை இணையவழியே திறந்து, அங்கே எழுதுகின்றனர். கிட்ஹப் நிறுவனத்தின் கோட்ஸ்பேசஸ் இவ்வகையினது. எழுதியதை நிலையான களஞ்சியத்திற்கு அனுப்பிவிட்டால் அது பிழைக்கும். அனுப்பாதது அப்பணியிடத்தோடு மடியும். வேறு ஏற்பாடு செய்யாவிடில், 30 நிமிடம் எவரும் தொடாத பணியிடம் நிறுத்தப்படுகிறது; நின்றபடியே 30 நாள் கிடந்தால் தானாக அழிக்கப்படுகிறது. அனுப்பப்படாத வேலை உள்ளே இருப்பினும் இவ்வழிப்பு நிற்பதில்லை என்பதை நிறுவனம் தன் விளக்க ஏடுகளில் ஒளிக்காமல் கூறுகிறது.

இடம் செலவு பிடிக்கும் பொருள். எவரோ மறந்துபோனதை என்றென்றும் காத்துக்கிடக்க முடியாது. இதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உரிமையாளரே கட்டளையிட்டுத் தம் பணியிடத்தை அழிக்க முற்பட்டால், 'சேமிக்காத மாற்றங்கள் உள்ளன, உறுதிதானா?' என்று கருவி வினவுகிறது. அவர் எதிரில் இல்லாதபோதோ நாள்கணக்கே தீர்ப்பளிக்கிறது. நினைவூட்டல் மிகுதியும் வேண்டப்படுபவர் இல்லாதவர் அல்லவா? விதி அவருக்குத் தெரியும். தாம் அனுப்பவில்லை என்பதுதான் தெரியாது. அனுப்பிவிட்டதாகவே அவர் நம்பியிருக்கக்கூடும். அதனை அறிந்திருப்பது பொறி ஒன்றே. எழுதியதைப் படித்துப் பார்க்காமலே, எத்தனை கோப்புகள் மாறியுள்ளன என்று அதனால் எண்ணிச் சொல்ல இயலும். அறிந்தவன் வாளாவிருப்பதும் அறியாதவன் வாளாவிருப்பதும் மனச்சான்றின்முன் ஒன்றாகா.

எனினும் எல்லார்க்கும் ஒரே எச்சரிக்கையை விடுத்தால் எவரும் அதனைப் படியார். வெறுமையான பணியிடத்திற்கு மடல் வேண்டியதில்லை. வேலை எஞ்சியிருக்குமிடத்தில் மட்டும், இன்ன கோப்புகள், இன்ன நாளில் தொட்டவை என்று எழுதுவதே பயன் தரும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. கிட் என்னும் கருவியிடம் நிலையைக் கேட்டால் 'யாவும் தூய்மை' என்று அது விடை கூறலாம். ஆனால் கவனிக்க வேண்டாமென ஒதுக்கிய கோப்புகளையும், பிறகு பார்க்கலாமெனத் தனியே எடுத்துவைத்த மாற்றங்களையும் அது தானாகக் காட்டுவதில்லை. பதிவு செய்தும் வெளியே அனுப்பாத புதிய கிளையைப் பற்றியும் பேசுவதில்லை. அவ்விடை பொய்யன்று, கேட்டதற்கு மட்டுமே உரிய விடை. அதனை நம்பிப் பணியிடத்தை அழிப்பவர், ஒன்றுமே கேளாமல் அழிப்பவரைக் காட்டிலும் கவலையின்றி அழிப்பார்.

அழிக்குமுன் எஞ்சியதையெல்லாம் களஞ்சியத்தில் ஒரு தனிக் கிளையாக ஏற்றிவிடலாமே என்பர் சிலர். நான் தயங்குகிறேன். பாதியில் விட்ட முயற்சியையும், ஒருவேளை கடவுச்சொல்லையும், உடன் பணிபுரிவோர் காண வைக்க அவர் இசைந்தாரா? சிலவற்றை அழியட்டும் என்றே விட்டுச் சென்றிருக்கவும் கூடும். மடல் அவரைச் சேரட்டும். விடையை அவரே எழுதட்டும்.