சீவரமும் மண்ணும்



கோசாம்பி நகரத்து அரசன் உதேனனின் தேவியர், ஆனந்த தேரரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து அவருக்கு ஐந்நூறு சீவர ஆடைகளைத் தானமாக அளித்தனர். தமிழ்க் காவியங்கள் உதயணன் என்று போற்றும் மன்னனே இவன். துறவி ஒருவர்க்கு இத்துணை ஆடை எதற்கு, துணி வாணிகம் செய்யப் போகின்றாரோ என்று அரசன் ஐயுற்றான். கந்தலுடுத்திய பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். அவர்தம் பழைய சீவரங்களை என் செய்வீர்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதன்பின் தரைவிரிப்பு, அதன்பின் கால்மிதி, அதன்பின் தூசு துடைக்கும் துணி. ஈற்றில் அதனையும் நறுக்கிச் சேற்றோடு பிசைந்து தரை பூசுவோம் என்று விடையிறுத்தார். அரசன் உளம் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை ஈந்தான். விநய பிடகத்துச் சுள்ளவக்கம் கூறும் வரலாறு இது.

சிக்கனத்திற்குச் சான்றாகவே இதனை எடுத்துரைப்பர். நாம் மற்றொன்றையும் காண்கின்றோம். அவ்வாடை மண்ணிலிருந்து வந்தது. ஆதலின் மண்ணோடு பிசையத் தகுந்ததாயிற்று. ஆளிநார், பருத்தி, பட்டு, கம்பளி, சணல் முதலிய ஆறு வகை ஆடைகளையே பகவன் சங்கத்தார்க்கு அனுமதித்தார். இன்று கடைகளில் குவிந்து கிடக்கும் பாலியஸ்டரோ மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு. நிலத்தடி எண்ணெயினின்று செய்யப்படுவது. சேற்றில் பிசைந்தால் அது மட்காது. எரித்தால், பூமியின் அடியில் பன்னெடுங்காலம் உறங்கிய கரி வானில் ஏறும். துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் உதிர்ந்து ஆற்றையும் கடலையும் அடைகின்றன.

எனின், பருத்தி உடுத்தினோம், குறை தீர்ந்தது என்று நாம் அமைதியுறலாமோ? அவ்வாறு கூற நமக்கு மனமில்லை. 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் அம்பேத்கரோடு வெள்ளாடை உடுத்து இலட்சக்கணக்கானோர் மும்மணிகளைச் சரணடைந்த நாகபுரி, விதர்ப்பப் பகுதியைச் சேர்ந்தது. விதர்ப்பம் பருத்தி விளையும் கரிசல் பூமி. அதே விதர்ப்பத்து யவத்மால் மாவட்டத்தில் 2017 ஆம் ஆண்டு பருத்திச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். நஞ்சு விற்றலைப் பகவன் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் ஒன்றாக வைத்தார். அந்நஞ்சினால் விளைந்த வெள்ளாடையை உடுத்துப் பஞ்சசீலம் எடுக்கும் நாம் இதனை எண்ணாதிருத்தல் தகுமோ? பூச்சிமருந்தோடு செயற்கை உரமும் சேர்கின்றது. மிகுதியாக இட்ட தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் பார்க்குமிடத்துக் கரியமில வாயுவைப் போல் எடைக்கு எடை ஏறத்தாழ 270 மடங்கு உலகைச் சூடேற்றுவது.

இதற்கு மாற்று உண்டா என்பார்க்கு டில்லியில் ஒரு சாலையின் பெயரே விடை கூறும். கரோல் பாக்கை ஒட்டிச் செல்லும் புசா ரோடு டில்லித் தமிழர் நன்கறிந்தது. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றும் அங்குள்ளது. ஆயினும் அப்பெயர் பீகாரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் என்பதை நாளும் அவ்வழிச் செல்வோரும் நினைப்பதில்லை. அவ்வூரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1936 இல் டில்லிக்கு வந்தபோது பெயரும் உடன் வந்தது. அநித்தியத்திற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

பழைய புசாவில் 1905 முதல் 1924 வரை பணியாற்றியவர் ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர். கற்பிக்க வந்தவர், நம் உழவரையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டார். பூச்சி பகையன்று, மண்ணின் நலிவை அறிவிக்கும் தூது என்பது அவர் கண்ட முடிவு. பகைவனாக எண்ணிய உயிரிடம் பாடம் கேட்ட இம்மனநிலை நம் தம்மத்திற்கு மிக அணுக்கமானது.

பின்னர் அவர் இந்தூர் சென்று, இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் பொருளுதவியோடு பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். பருத்தி எடுத்தபின் எஞ்சும் மார் கட்டைபோல் இறுகியது, எளிதில் மட்காது. அதனைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்கள் ஏறி நொறுக்குமாறு செய்தார். நொறுங்கியதை மாட்டுக் கொட்டிலில் படுக்கையாக இட்டு, பின் சாணமும் சிறுநீர் ஊறிய மண்ணும் மரச்சாம்பலும் கூட்டிக் குழியில் அடுக்கி, இடையிடையே புரட்டினால் மூன்று திங்களில் நல்ல எருவாகும். இதுவே இந்தூர் முறை. 1931 இல் நூலாகவும் வெளிவந்தது. ஆனந்த தேரர் துணிக்குச் சொன்ன வழியை இவர் செடிக்குச் செய்தார் என்போம்.

இவ்வெரு இட்ட மண் நீரைத் தாங்கும். காற்றின் கரியில் ஒரு பகுதியையும் தன்னுள் வைத்துக்கொள்ளும். எல்லையின்றி அன்று. சில காலத்தில் அது நிறைந்துவிடும். மண்ணைப் பேணாது விட்டால் சேர்ந்தது மீண்டும் வானேறும். நஞ்சை விட்ட முதற்சில ஆண்டுகளில் விளைச்சல் குறைதலும் உண்டு. அவ்விழப்பை உழவன் ஒருவனே சுமத்தல் அறமன்று. கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்குக் கேட்பார் குறைந்தமையாலன்றோ அது அருகிற்று!

நம்மவருள் பலர் நாட்கூலியால் வாழ்வோர். பாலியஸ்டர்ச் சேலை விலை குறைவு, விரைவில் உலரும். மழைநாளில் மாற்றுடை இல்லாத வீட்டில் அதன் அருமை பெரிது. அதனை உடுத்தும் சகோதரியைக் குறை கூறுதல் தம்மமாகாது. உள்ளதை நெடுநாள் உடுத்தலே அவர்க்கும் உலகிற்கும் நன்று. ஆனால் சங்கத்தார்க்கும் ஏழையர்க்கும் தானமாக நாம் பொதுவில் வாங்கும் துணியில் தேர்வு நம்முடையது. மணிமேகலையின் ஆசிரியர் உணவோடு உடையையும் உறைவிடத்தையும் அறமாகக் கூட்டினாரன்றோ!

மழைக்கால வாசம் முடிந்து ஒரு திங்களுக்குள் கடின சீவர தானம் செய்தல் மரபு. இவ்வாண்டு ஒவ்வொரு விகாரைக் குழுவினரும் அதற்கெனக் கலப்பற்ற பருத்தித் துணியை நெசவாளரிடம் வாங்குக. பருத்தி எவ்வூரது, நஞ்சின்றி விளைந்ததா என்று வினவுக. தொகை போதாதாயின் சீவரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பழைய சீவரங்களை விரிப்பாகத் தைக்க, ஊசி நூலோடு முன்வரும் உபாசிகைகள் தம் பெயரை விகாரையில் முன்கூட்டியே தெரிவிப்பாராக.