பழைய யந்திரமும் புதிய வர்ணமும்

பழுதடைந்த பொருளொன்றைச் செப்பனிட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எந்த நிலைக்குச் செப்பனிட வேண்டும் என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. ஓடாத யந்திரத்தை ஓடவைத்தாற் போதுமா? அது ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த கோலத்துக்கே அதனைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமா? இடையில் அதனைக் கையாண்டோர் அதன்மீது விட்டுச்சென்ற வடுக்களை என்ன செய்வது? இக்கேள்விகளைத் தொழிற்கூடத்துக்குள் அடைத்துவிட முடியாது. உழைத்தவனுக்கு நாம் எவ்வாறு கடன்பட்டுள்ளோம் என்ற பழைய அறவியற் பிரச்சினை இவற்றுள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவிலே பழைய தோட்ட டிராக்டர்களை வீட்டுக் கொட்டிலில் வைத்துப் புதுப்பிப்போரின் வேலையை உதாரணமாகக் கொண்டு இதனைச் சற்று நோக்குவோம்.

தோட்ட டிராக்டர் என்பது வயலுழும் பெரிய யந்திரம் அன்று. ஒருவர் ஏறி அமரக்கூடிய, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய, ஓரிரு ஏக்கர் வீட்டுக்காணிக்குப் போதுமான சிறு வாகனம். அதன் மூதாதை, கைபிடித்துப் பின்னால் நடந்தே செலுத்தும் கலப்பை யந்திரம். நமது நாட்டில் லாண்ட்மாஸ்டர் என்று வழங்கும் இருசக்கர உழவு யந்திரத்தைக் கண்டோருக்கு அதன் உருவம் விளங்கும். மேற்கு வேர்ஜீனியாவிலே படம்பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த பெஞ்சமின் பிராங்ளின் கிரேவ்லி என்பவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பாகங்களைக் கொண்டு அத்தகைய யந்திரமொன்றை ஆக்கி, 1916இல் காப்புரிமை பெற்றார். கழித்துப் போட்ட பொருளிலிருந்து பிறந்த குலம் இது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அமெரிக்க நகரங்களின் புறத்தே முற்றமும் புற்றரையும் கொண்ட வீடுகள் பெருகின. 1946இல் வீல் ஹோர்ஸ், 1961இல் இன்டர்நஷனல் ஹார்வெஸ்டரின் கப் கடெற், 1963இல் ஜோன் டியரின் 110 என்று யந்திரங்களும் வந்தன. காய்கறித் தோட்டத்தை உழுவது, பனியைத் தள்ளுவது ஆகியவற்றையும் இவை செய்தன எனினும், பெரும்பாலும் புல்லுக்காகவே இவை உழைத்தன. புல்லை உரமிட்டு வளர்த்து, வளர்ந்துவிட்டதே என்று வெட்டி, மீண்டும் உரமிடும் நாகரிகத்தை எண்ணிச் சிரிப்போர் சிரிக்கலாம். யந்திரத்தின்மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை.

விஸ்கொன்சின் மாநிலத்து ஆலைத் தொழிலாளி ஒருவனை எண்ணிக்கொள்வோம். 110 உருவானதும் அம்மாநிலத்து ஹொரிக்கன் என்னும் ஊரிலேதான். முப்பது ஆண்டுகளாகக் களஞ்சியமொன்றின் மூலையிற் கிடந்த ஒன்றை அவன் சொற்ப விலைக்கு வாங்கி வந்திருக்கிறான். புகைக்குழாய் வழியே நீர் இறங்கி, பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கிடக்கிறது. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறான். ஒரு நாள் அன்று, பல நாட்கள். இடையிடையே சுழற்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி மெல்ல அசைத்துப் பார்க்கிறான். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தவர்கள் பிஸ்டனை உடைத்த கதைகளை அவன் அறிவான். ஒருநாள் மாலை அது ஒரு மயிரிழை நகர்கிறது. அன்றிரவு அவனுக்கு நித்திரை வருவதில்லை.

துருப்பிடித்த உறுப்புகளுக்கு வேறொரு வைத்தியம். பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய உறுப்பை அதில் தொங்கவிட்டு, மின்கலமேற்றும் கருவியின் எதிர்முனையை அதிற் பூட்டுகிறான். நேர்முனை ஒரு கழிவிரும்புத் துண்டுக்குச் செல்கிறது. துருப்பிடியா உருக்கை அவ்விடத்தில் வைத்தலாகாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்வைகள் நீரிற் கலக்கும். எழும் வாயு ஐதரசன் ஆதலால் வேலை திறந்த வெளியிலேயே நடைபெற வேண்டும். மறுநாள் எடுத்துத் தேய்த்தால் துரு கறுத்த சேறாய்க் கழன்றுவிடும். நல்லிரும்பு அப்படியே நிற்கும். உலர்ந்த பெற்றோல் பசையாகி அடைத்த காபரேட்டரின் நுண்துளைகளை ஒவ்வொன்றாய்த் திறக்க வேண்டும். தீப்பொறியை எழுப்பும் தொடுமுனைகளின் இடைவெளியை 0.020 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீற்றராக, நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தாலும் ஒருவரும் அவனுக்குக் கூலி தரப்போவதில்லை. செலவிட்ட மணித்தியாலங்களைக் கணக்கிட்டால் யந்திரத்தின் விலை அதில் ஒரு சிறு பங்குதான்.

வாரத்தில் ஐந்து நாட்கள் ஆலையிலே கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவன், சனிக்கிழமையில் உணவையும் மறந்து அதே இரும்போடும் அதே எண்ணெயோடும் மல்லுக்கட்டுவது எதனால்? கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதி, 1932இல் முதன்முதலாக முழுமையாக அச்சேறிய கையெழுத்துப் பிரதிகளில் இதற்கு விடை உண்டு. விற்கப்பட்ட உழைப்பிலே தொழிலாளி தனக்கே அந்நியனாகிறான், வேலைக்கு வெளியேதான் தன்னைத் தான் உணர்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. நமது தொழிலாளி அதற்கு ஒரு விசித்திரமான சாட்சி. அவன் வெறுத்தது இரும்பை அன்று, எண்ணெயை அன்று, களைப்பையும் அன்று. தான் தொடங்காத, தான் முடிக்காத, தனக்குச் சொந்தமாகாத வேலையையே அவன் வெறுத்தான். இதனை வெறும் பொழுதுபோக்கு என்றும், சிறு முதலாளித்துவ மனப்பான்மை என்றும் நம்மிற் சிலர் ஒதுக்கிவிடக்கூடும். கொட்டிலில் அவன் அடையும் ஆனந்தம் ஆலையின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இனி வர்ணத்துக்கு வருவோம். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னரே உண்மையான சிக்கல் தோன்றுகிறது. பச்சை வர்ணம் வெளிறி உதிர்ந்திருக்கிறது. இருக்கையின் அடியிலே தாங்கி ஒன்று எப்போதோ முறிந்து, யாரோ ஒருவர் பழைய கட்டிலின் கோண இரும்பில் ஒரு துண்டை வெட்டி வைத்துத் தடிப்பாகக் காய்ச்சி ஒட்டியிருக்கிறார். அழகற்ற ஒட்டு, ஆனால் பல்லாண்டு தாங்கிய ஒட்டு. அரத்தாளைக் கையில் எடுத்தவன் இவ்விடத்திலே தயங்குகிறான். அதனை அராவி எறிந்துவிட்டு, ஆலையிலிருந்து வந்ததுபோன்ற தாங்கியைத் தேடிப் பொருத்துவதா?

இத்தயக்கம் புதியதன்று. 1877 மார்ச்சில் இங்கிலாந்தின் டூக்ஸ்பெரித் தேவாலயத்தைப் புதுப்பிக்க முற்பட்டபோது, வில்லியம் மொரிஸ் அதனை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். அம்மாதமே பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கமொன்று அவர் முயற்சியால் உருவாயிற்று. அக்காலப் புதுப்பிப்பாளர், சுவரின் பழஞ்சாந்தைச் சுரண்டி எறிந்து, பிற்கால நூற்றாண்டுகளின் வேலைப்பாட்டை அகற்றி, தாம் சிறந்ததென்று கருதிய ஒரு காலத்தின் தோற்றத்தைக் கட்டடத்துக்குக் கற்பித்தனர். ஒவ்வொரு தலைமுறைக் கொத்தனும் தச்சனும் விட்ட தடயமே அக்கட்டடத்தின் வரலாறு என்பது மொரிஸின் வாதம். ஒழுக்கை அடையுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், இல்லாத பழமையைப் புனையாதீர்கள் என்றார். அவரது சங்கத்துக்குச் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்றே செல்லப்பெயர் வழங்கிற்று. தமிழிலே சுரண்டல் என்ற சொல் இரு பொருள் தருவது தற்செயலே. எனினும் 1883இல் சோஷலிச இயக்கத்திற் சேர்ந்த மொரிஸ் தமிழ் அறிந்திருந்தால் இத்தற்செயலைக் கண்டு மகிழ்ந்திருப்பார்.

யந்திரம் தேவாலயம் அன்று என்பது மெய்யே. வர்ணமில்லாத இரும்பை மழைக்காற்று தின்றுவிடும்; ஆகவே வர்ணம் பூசுவது பாவமாகாது. நமது ஆட்சேபம் வேறு. ‘பழைய நிலை’ என்று புதுப்பிப்போர் எண்ணுவது எந்த நாள்? விற்பனைக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு பளபளத்து நின்ற நாள். ஒரு பொருளின் வாழ்க்கையிலேயே மிக வெறுமையான நாள் அதுதான். ஆக்கியவர்கள் விலகிப்போய்விட்டனர், ஆளப்போகிறவர்கள் இன்னும் வரவில்லை. அது வெறும் சரக்காக மட்டும் இருந்த நாள். அந்நாளையே உண்மையான நாள் என்று கொண்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றைத் துடைத்தெறிவது வணிகனின் பார்வையை நமது பார்வையாக ஏற்பதாகும்.

அப்பளபளப்பு எதனை மறைத்தது என்பதற்கும் இந்த யந்திரத்திலேயே சான்று உண்டு. 1963ஆம் ஆண்டு 110இன் எஞ்சின், அதே விஸ்கொன்சின் மாநிலத்துக் கோலர் நிறுவனத்தின் 7 குதிரைவலு வார்ப்பிரும்பு எஞ்சின். கோலர் என்று நிறுவனத்தின் பெயரையே தாங்கிய அவ்வூரில் 1934ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1954 ஏப்ரலில் தொடங்கிய மற்றொரு வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் மிக நீண்ட போராட்டங்களுள் ஒன்றாயிற்று. 1960இல் தேசியத் தொழிலுறவுச் சபை நிறுவனத்தின்மீது குற்றங்கண்டு, தொழிலாளரை மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கட்டளையிட்டது. வழக்குகள் அதன்பின்னும் நீண்டன. 1965 டிசம்பரில்தான் 45 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு பிணக்கு முடிவுற்றது. ஆகவே நமது எஞ்சினை வார்த்த வேளையிலும் அப்போராட்டத்தின் கணக்குத் தீரவில்லை. அதனைக் கடைந்த கை, ஆலைவாயிலில் ஆண்டுக்கணக்காக மறியல் செய்து மீண்டவனின் கையாக இருக்கலாம். அவ்வரிசையை முறித்து உள்ளே சென்றவனின் கையாகவும் இருக்கலாம். இரும்பு அதைச் சொல்லுவதில்லை. விற்பனைக் கூடத்து வர்ணம் சொல்லவே சொல்லாது.

தீசியஸின் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதியதைத் தத்துவ மாணவர்கள் அறிவர். பலகைகள் ஒவ்வொன்றாய் மாறிய பின்னும் அது பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் அறிஞர் வாதித்தனர். கழற்றிய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் செய்தால் எது தீசியஸினுடையது என்று ஹொப்ஸ் 1655இல் முடிச்சை மேலும் இறுக்கினார். மூன்று செத்த டிராக்டர்களைக் கழற்றி ஒன்றை ஓட்டுவோருக்கு இது அன்றாட அனுபவம். பூட்டன் வெட்டிய மண்வெட்டியை வைத்திருக்கும் கமக்காரனிடம் கேட்டால் அவன் தயங்கமாட்டான். பிடி பலமுறை மாறியிருக்கும், அலகும் மாறியிருக்கும். ஆயினும் அது பூட்டனின் மண்வெட்டியே. ஏனெனில் வேலை இடையறாது நடந்திருக்கிறது. ஏட்டுத் தத்துவம் பொருளில் அடையாளத்தைத் தேடுகையில், கமக்காரன் அதனை உழைப்பின் தொடர்ச்சியிலே கண்டுகொள்கிறான். அவ்வாறு கொண்டால் அந்தக் கட்டிலிரும்பு ஒட்டு அந்நியப் பொருளன்று. சங்கிலியின் ஒரு கண்ணி.

இவ்வளவும் எண்ணிப்பார்க்க இடமிருப்பதற்குக் காரணம், அந்த யந்திரம் திறக்கக்கூடியதாய் இருப்பதே. இன்றைய பெருவயல் டிராக்டரின் இதயம் கணினிக் கட்டளைகளில் இருக்கிறது. அதே ஜோன் டியர் நிறுவனம் 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குச் செய்த சமர்ப்பணத்தில், யந்திரத்தை இயக்கும் மென்பொருளைப் பொறுத்தவரை, வாங்கியவனுக்கு உள்ளது வாகனத்தின் ஆயுட்காலம்வரை அதனை ஓட்டுவதற்கான மறைமுக அனுமதியே என்று வாதிட்டது. முழுப் பணமும் கொடுத்தவன் குத்தகைக்காரனாகிவிட்டான்! பழுதுபார்க்கும் பொருட்டு மென்பொருளைத் திறப்பதற்கு அவ்வாண்டே விலக்களிக்கப்பட்டது. உழவு யந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைக் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டமாக்கிற்று. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தது. உற்பத்திச் சாதனம் யாருடையது என்ற கேள்வியை ஆலைக்குள் மட்டும் கேட்டுப் பழகிய நாம், அது வயலுக்கும் வந்துவிட்டதைக் காண வேண்டும்.

வயிறு நிறைந்த நாட்டவன் வாரவிறுதி விளையாட்டைப் பற்றி இத்தனை ஆராய்ச்சியா என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்குக்கு எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் செல்வது தடைப்பட்டிருந்தபோது, பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜுகளும் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அங்கே எந்த நிலைக்குச் செப்பனிடுவது என்ற கேள்வி எழவில்லை. நாளைக் காலை ஓடினாற் போதும். அக்கைத்திறனை நாம் வியக்கிறோம். ஆனால் அந்த வியப்பில் ஓர் ஆபத்து உண்டு. திறமையைப் புகழும் வேகத்தில், அத்திறமையைக் கட்டாயப்படுத்திய தடையையும் பஞ்சத்தையும் ஏதோ நல்லாசிரியர்போல எண்ணத் தலைப்படுகிறோம். விஸ்கொன்சின் தொழிலாளி விரும்பினால் யந்திரத்தை மறுபடி மூலையிலே தள்ளிவிடலாம். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒரே கலைஞராகப் போற்றுவது பிந்தியவனுக்குச் செய்யும் அநீதி.

எனினும் இருக்கைக்குக் கீழுள்ள அந்த ஒட்டை வைத்தவர் எவ்வகையைச் சேர்ந்தவர்? கட்டிலை வெட்டித் தாங்கி செய்தவர் பொழுதுபோக்குக்காகச் செய்திருக்கமாட்டார். கடையில் வாங்கப் பணமில்லாமலோ, பனி விழுமுன் வேலை முடிய வேண்டியிருந்தோ செய்திருப்பார். செல்வம் கொழித்த நாட்டிலும் அத்தகைய கைகள் இருந்தன என்பதற்கு இந்த யந்திரத்தில் எஞ்சியுள்ள ஒரே பத்திரம் அதுதான். நமது தொழிலாளி அதனைச் சுற்றியுள்ள துருவை மட்டும் தேய்த்து, ஒட்டின்மீதும் அதே பச்சை வர்ணத்தைப் பூசிவிடுகிறான். வாங்க வருபவன் குனிந்து பார்த்து, இதற்காக விலையைக் குறைத்துக் கேட்பான். குறைத்தே கேட்கட்டும் என்று அவன் எஞ்சினை முடுக்குகிறான்.