வலிய கையும் விலகும் மனமும்

டில்லி மாநகரின் கோல் மார்க்கெட்டுக்குப் பெயர்க்காரணம் எளியது. இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். 1921-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட, பன்னிரு பக்கங்கள் கொண்ட அச்சந்தைக் கட்டடம், சாலைகள் கூடும் வட்டத்தின் நடுவே நிற்பதால் அப்பெயர் வாய்த்தது. ஆயின், தமிழன் செவியில் 'கோல்' என்ற சொல் விழுந்தால் நெஞ்சில் எழுவது வேறு: செங்கோல், எழுதுகோல், துலாக்கோல். கடைகள் காலி செய்யப்பட்டுக் கட்டடம் பூட்டிக் கிடந்த ஆண்டுகளில், அதனைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் மூன்றாவது கோலே என் நினைவுக்கு வரும். எதனை எதனோடு வைத்து நிறுப்பது என்ற கேள்வியை நான் முதலில் கற்றது, இவ்வட்டாரத்து அரசுக் குடியிருப்பு ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில்.

இலக்கிய மலரில் சீட்டாட்டமா என்று அன்பர்கள் புருவம் நெரிக்க வேண்டா. சூதினைக் கடிய வள்ளுவப் பெருந்தகை தனி அதிகாரமே வகுத்தார் என்பதை நான் மறக்கவில்லை. ஆட்டத்தைப் பரிந்துரைக்கவும் வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட வினா இதுதான்: தோற்கும் கையைக் கீழே வைப்பது எவர்க்கும் எளிது. வெல்லக்கூடிய வலிய கையை வைத்திருப்பவன், அதனைக் கவிழ்த்துவிட்டு விலகுவது எப்போது அறிவுடைமை? எப்போது கோழைமை?

எங்கள் ஆட்டம் ரம்மி. மாலை முழுவதும் தோற்றாலும் இழப்பு ஒரு சிற்றுண்டிச் செலவை விஞ்சாது. பதின்மூன்று சீட்டு, தொடக்கத்திலேயே கவிழ்த்து 'ஸ்கூட்' சொன்னால் 20 புள்ளி, ஆட்டத்தில் இறங்கியபின் 'மிடில் ஸ்கூட்' சொன்னால் 40, கடைசிவரை இருந்து ஒரிஜினல் ரம்மி சேராமல் அகப்பட்டால் 80 வரை. எங்களுள் மூத்தவர் ஒருவர் இருந்தார். பணி ஓய்வு பெற்றவர். ஒரு நாள், மூன்று ஜோக்கர்கள் கையிலிருந்தும் அவர் பாதி ஆட்டத்தில் சீட்டைக் கவிழ்த்தார். எட்டிப் பார்த்த நான் திகைத்து, "என்ன சார், இவ்வளவு நல்ல கையை வைத்துவிட்டீர்களே!" என்றேன். அவர், "ஜோக்கரை எண்ணினாய், ஒரிஜினல் இல்லை என்பதை எண்ணவில்லை. எதிரே இருப்பவர் மூன்று சுற்றாகச் சீட்டை வரிசை மாற்றவே இல்லை, அதையும் நீ பார்க்கவில்லை" என்றார். அடுத்த சுற்றிலேயே எதிரே இருந்தவர் ஆட்டத்தை முடித்தார். நாற்பதோடு போயிற்று.

1967-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. விழும் சீட்டுகளை நினைவில் இருத்துவதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தேர்வதுமே அத்திறமை என நீதியரசர்கள் கருதினர். கழிக்கத் தெரிவதும் திறமையின் பாதி என்பது ஈண்டு நினையத்தக்கது.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், நண்பர் ஒருவரின் மகன் எனக்குப் போக்கர் என்னும் மேனாட்டு ஆட்டத்தை விளக்கினான். (இணையவழிப் பணவிளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராது மைய அரசு 2025-இல் சட்டத்தால் தடை செய்துவிட்டது, அவன் விளக்கியது அதற்கு முன்.) அதில் 'லிமிட் ஹோல்டெம்' என்றொரு வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பொதுச் சீட்டு ஐந்து மேசைமீது. நான்கு சுற்றுப் பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் வைக்க வேண்டிய தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. எவனும் தன் செல்வச் செருக்கால் திடீரென்று ஆயிரம் வைத்து மற்றவனை அச்சுறுத்த இயலாது.

அவன் ஒரு நிலையை எனக்கு வரைந்து காட்டினான். நம் கையில் இரண்டு ஏஸ். தொடக்கத்தில் அதனினும் உயர்ந்த கை இல்லை. ஆயின், மேசைமீது ஆட்டின் சீட்டு நான்கு விழுந்துவிட்டது; நம்மிடம் ஆட்டின் ஒன்றும் இல்லை. கடைசிச் சுற்றில், நடுவே ஒன்பது பங்கு பணம் இருக்க, எதிராளி மேலும் ஒரு பங்கு வைக்கிறான். விலகுவதா? ஒரு பங்கு கொடுத்து அவன் சீட்டைப் பார்ப்பதா?

"விலகுவதே அறிவு, அவனிடம் ஆட்டின் இருப்பது வெளிப்படை" என்றேன். இளைஞன் சிரித்தான். "மாமா, கணக்கைப் பாருங்கள். கொடுப்பது ஒன்று, வென்றால் வருவது பத்து. பதினொரு முறையில் பத்து முறை தோற்று ஒரே முறை வென்றாலும் முதலுக்கு மோசமில்லை. பதினொன்றில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் விலகலாம். அவ்வளவு உறுதி யாருக்கு உண்டு?"

என் அறவுரை நொறுங்கியது. தவறாகப் பார்த்தவன் இழப்பது ஒரு பங்கு. தவறாக விலகியவன் இழப்பதோ பத்துப் பங்கு. ஆகவே அவ்வாட்டத்தில், இறுதிச் சுற்றில், வலிய கையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிழையே. எளிதில் விலகுபவனைப் பெருந்தன்மையாளன் என்று நாம் போற்றுவது எத்தனை முறை அவனது அச்சத்துக்குச் சூட்டிய மாலையோ!

எனினும், அக்கணக்கு இரண்டு நிபந்தனைகளின்மீது நிற்கிறது. ஒன்று: நடுவே கிடக்கும் பணத்தை 'வரக்கூடியது' என்று எண்ண வேண்டுமேயன்றி, 'நான் போட்டது' என்று எண்ணலாகாது. போட்டது போனதே. அதனை மீட்கவே மேலும் போடுபவன் ஆட்டத்தை ஆடவில்லை; ஆட்டம் அவனை ஆடுகிறது. மற்றொன்று: பார்ப்பதற்குரிய விலை வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். விலைக்கு எல்லை இல்லாத இடத்தில் பத்துக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாரதக் கதையில் துரியோதனன் கை வலியது. பதினோர் அக்குரோணிச் சேனை அவன் பக்கம். ஏழே பாண்டவர் பக்கம். எண்ணிக்கையில் அவன் தவறவில்லை. ஐந்து ஊரேனும் கொடு என்று தூது வந்தபோது மறுத்தான். வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறது குறளின் வலியறிதல் அதிகாரம். அவன் தூக்கியது தன் வலி ஒன்றையே. அன்றியும், சீட்டைப் பார்க்க அவன் கொடுத்த விலை குலம் முழுவதும். தருமனோ முதற் சூதில் இழந்தவையனைத்தும் திரும்பக் கிடைத்தபின், மறுசூதுக்கு அழைத்தபோது மீண்டும் அமர்ந்தான். கையில் எல்லாம் இருந்த அந்நேரமே அவன் எழுந்திருக்க வேண்டிய நேரம்.

இதுவரை எழுதியது ஏட்டறிவு. இனி எழுதுவது என் கதை.

குடந்தைக்கு அருகே ஒரு சிற்றூரில் எந்தை தம் சொந்த உழைப்பில் ஒரு வீடு கட்டினார். 2004-இல், எனக்கு டில்லியில் வேலை கிடைத்த ஆண்டில், தம்பியின்மீது கொண்ட சினத்தால் அவ்வீட்டை எனக்கே எழுதி உயிலைப் பதிவு செய்தார். பின்னர்த் தம்பி திருந்தினான். பதினான்கு ஆண்டுகள் பெற்றோரைப் பேணினான். தந்தை படுக்கையில் விழுந்த இறுதி இரண்டாண்டு மலஜலம் எடுத்தான். நானோ விடுமுறைதோறும் ஆரஞ்சுப் பழத்துடன் போய் வந்தேன். 2018-இல் தந்தை மறைந்தார். உயில் மாற்றப்படவில்லை.

"கடைசி மாதத்தில் அப்பா வீடு எனக்கே என்று சொன்னார் அண்ணா, எழுத முடியவில்லை" என்றான் தம்பி. அவன் மறைவாக வைத்திருந்த சீட்டு அது. மெய்யா, பொய்யா? பதிவு பெற்ற உயில் இருக்க வாய்ச்சொல் நில்லாது, உங்கள் பக்கம் மிக வலிது என்றார் வழக்கறிஞர். என் துணைவியின் கேள்வியும் நியாயமானதே: "இந்தக் குவார்ட்டர்ஸ் நீங்கள் ஓய்வு பெறும்வரைதான். அதன்பின் நமக்கு எந்த ஊரில் எந்தக் கூரை?"

அச்சீட்டைப் பார்க்க வழி ஒன்றே. அப்பேச்சு நிகழ்ந்தபோது உடனிருந்தவர் எங்கள் தாய் மட்டுமே. வழக்காடினால் எழுபத்து நான்கு வயது மூதாட்டி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். கூண்டு வேண்டா, நடுவீட்டில் அமர்ந்து நானே கேட்டாலும், ஒரு மகனைப் பொய்யனாக்கியோ மற்றவனை வெறுங்கையனாக்கியோதான் அவர் விடை சொல்ல இயலும். பார்ப்பதற்குரிய விலைக்கு அங்கே வரையறை இல்லை. அது லிமிட் ஆட்டம் அன்று.

2019-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வீட்டைத் தம்பி பெயருக்குச் செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டேன். இதனைத் தியாகம் என்று உறவினர் புகழ்ந்தபோது எனக்குக் கூச்சமே மிகுந்தது. தியாகம் என்பது தன்னுடையதைக் கொடுப்பது. பதினான்கு ஆண்டுப் பணிவிடை என் பத்திரத்தினும் வலிய கை என்று உணர்ந்து விலகியவன், கொடுத்தவன் அல்லன். தோல்வியை நேரத்தில் கண்டுகொண்டவனே. அதனுள்ளும் எத்துணைப் பங்கு அறிவு, எத்துணைப் பங்கு சண்டைக்கு அஞ்சிய சோர்வு என்று என் துலாக்கோலால் இன்றளவும் பிரித்து நிறுக்க முடியவில்லை.

சீட்டாட்டத்தில் ஒரு மரபு உண்டு: விலகியவனுக்கு எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. தந்தை அச்சொல்லைச் சொன்னாரா என்பதை நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அறியாமலே வாழ்வதும் விலகியவன் செலுத்தும் விலையின் ஒரு பகுதி. நல்ல முடிவென்றால் அது நெஞ்சுக்கு அமைதி தந்தே தீரும் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். சிறு விலையில் உண்மை கிடைக்குமிடத்து, அஞ்சி விலகாமல் பார்த்தே விடுக. அலுவலகத்தில் நியாயமான கோரிக்கையை ஒரு மனுக்கூட எழுதாமல் விட்டுவிடும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுவே. விலைக்கு எல்லை இல்லாவிடத்து, கை எத்துணை வலிதாயினும் வைத்துவிடுக.

துணைவியின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடையில்லை. ஓய்வு பெற ஆண்டுகள் இருக்கின்றன; மாதந்தோறும் சிறிது சேர்த்து வருகிறோம். சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது, திண்ணையில் அமர்ந்திருந்த என் தாய், இரு மகன்களுக்கும் ஒரே தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.