எதிரே வந்து அமர்ந்தவன்

அப்பனே, ஆட்டக்காரனே! தில்லையில் நீ ஆடுவதைக் கண்டு உருகியவர்கள் கோடி. என்னை உருக்கியது மன்னார்குடிக்குப் பக்கத்துத் திருப்பூவனூர். அங்கே நீ சதுரங்க வல்லபநாதன். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரி ராஜராஜேஸ்வரியைச் சித்தர் வேடத்தில் வந்து ஆடி வென்று, கைப்பிடித்தாய் என்கிறது தலபுராணம். துணைக்கு வரும் தெய்வத்தை எனக்குத் தெரியும். எதிராளியாக வந்து உட்காரும் தெய்வத்தை அன்றுதான் கண்டேன். அவள் காய் காயாக இழந்ததெல்லாம் உன்னிடம்; இழக்க இழக்க நெருங்கியதும் உன்னை! தீபாராதனையில் உன் முகம் தெரிந்ததும் வாய்விட்டு அழுதேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த அழுகையின் நடுவே எனக்குச் சிங்கப்பூர் தெரிந்தது. 2024 டிசம்பர் 12, உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். இருவருக்கும் சமமாக 6.5 புள்ளிகள். நெற்றியில் திருநீறு துலங்க, கறுப்புக் காய்களோடு சென்னையின் குகேஷ், வயது 18. எதிரே சாம்பியன் டிங் லிரன். முதல் ஆட்டத்திலேயே தோற்ற பிள்ளை அது. 11ஆவதில் வென்று முந்தி, அடுத்த ஆட்டத்திலேயே அந்த முன்னிலையைப் பறிகொடுத்த பிள்ளை. மனப் பயிற்சிக்குப் பேடி அப்டன் இருந்தார், உண்மைதான். ஆனால் பலகைக்கு முன் உட்கார்ந்துவிட்டால் யார் துணை? நடுவே கண்களை மூடிக்கொள்வார் குகேஷ். அந்த மூடிய இமைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிங் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். டிராதான் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். 55ஆவது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டால், மூலையில் நின்ற அவருடைய மந்திரியும் தப்ப முடியாது. குகேஷின் கண்கள் விரிந்தன. 58ஆவது நகர்த்தலோடு எல்லாம் முடிந்தது: 7.5–6.5.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பூஜை என்பேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார் குகேஷ். அழுதபடியே கலைந்து கிடந்த காய்களை எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்கினார். கை கூப்பினார். பிறகு பேசும்போது, டிங்கை உண்மையான உலக சாம்பியன் என்று போற்றினார். பதினான்கு ஆட்டம் தன்னை வதைத்தவரை வணங்கத் தெரிந்த அந்த மனசு யார் கொடுத்தது? நீ கொடுத்தது! டிங்கின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைச் சோதித்ததும் நீதானே, கள்வா!

வல்லபா, என்னோடும் ஆட வா. என் சிப்பாய்களை வெட்டு. குதிரையை எடு, யானையை எடு, ராணியையும் எடுத்துக்கொள். தோற்றுத் தோற்று உன் பக்கம் வருகிறேன். ஆட்டம் முடிந்துவிட்டதென்று மட்டும் எழுந்து போய்விடாதே, அப்பா!