நிகழாமற் போனவற்றுக்கு நன்றி

நமது இலக்கியக் கூட்டங்களில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. கவிஞருக்கு ஒன்று, அவரைப் பாராட்ட வந்தவருக்கு ஒன்று, மண்டபம் தந்தவருக்கு ஒன்று. ஆனால், படுக்கையிற் கிடக்கும் நோயாளியை முகம் சுளிக்காமல் துடைத்துச் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரிச் சிற்றூழியரை மேடைக்கு அழைத்த கூட்டம் மிக அரிது. அழைத்துப் பொன்னாடை போர்த்திவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? நோயாளரையும் முதியோரையும் பராமரிப்போருக்கு நாம் உண்மையில் கடன்பட்டிருப்பது எதனை?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கிலுள்ளன. 'சம்பளத்துக்குத்தானே வேலை செய்கிறார்கள், நன்றி எதற்கு?' என்பது ஒன்று. 'அவர்கள் மனிதர்களே அல்லர், மலக்குகள்' என்பது மற்றையது. ஒன்று இகழ்ச்சி, மற்றையது புகழ்ச்சி. எனினும் இரண்டும் ஒரே காரியத்தையே செய்கின்றன. முன்னையது ஊழியரைப் பார்க்க மறுக்கிறது. பின்னையது அவரைக் கண்ணுக்கெட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. மலக்குகளுக்குப் பசியில்லை. வீட்டு வாடகையில்லை. இரவு வேலை முடிந்து வீடு திரும்ப பஸ்ஸும் வேண்டியதில்லை.

பிரித்தானியாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கொரோனா பரவிய 2020இல், மார்ச் 26ஆம் திகதி முதல் பத்து வாரங்கள், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு மக்கள் வாசலில் நின்று சுகாதார, பராமரிப்பு ஊழியர்களுக்காகக் கை தட்டினர். பிரதமரும் தட்டினார். அந்த நன்றி பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால், மறு வருடம் மார்ச்சில் அரசு அவர்களுக்கு முன்வைத்த சம்பள உயர்வு 1 வீதம். எதிர்ப்புக் கிளம்பிய பின் ஜூலையில் அது 3 வீதமாயிற்று. 2022 டிசம்பரில் தாதியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1916இல் தொடங்கிய அவர்களது சங்கம் அதுவரை கண்டிராத பெரிய வேலைநிறுத்தம் அது. கைதட்டலோடு கணக்குத் தீர்ந்தது என்று ஆள்வோர் எண்ணிக்கொண்டார்கள்.

அப்படியானால் சம்பளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் நன்றி வேண்டியதில்லையா? அதுவும் சரியல்ல. எழும்ப முடியாத நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். எத்தனை மணிக்குப் புரட்டுவது என்று சுற்றுநிருபம் சொல்லலாம். எவ்வளவு மெதுவாக, நோயாளி கூச்சப்படாதவாறு எப்படி என்பதை எந்தச் சுற்றுநிருபமும் கட்டளையிட முடியாது. சம்பளம் வாங்குவது நேரத்தை. அந்தக் கையின் இதம் அதற்கு மேலே தரப்படுவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் அவ்வேலையை ஒழுங்காகச் செய்தால் நமக்குத் தெரிவது என்ன? ஒன்றுமேயில்லை. புண் வரவில்லை, அவ்வளவுதான். கொத்தனார் கட்டிய சுவர் கண்ணெதிரே நிற்கிறது. பராமரிப்பவரின் வெற்றியோ ஒரு துன்பம் நிகழாமற் போனதில் இருக்கிறது. நிகழாததை யார் காண்பது? யார் நன்றி சொல்வது?

நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழே வந்துவிட்டது. இலவச வைத்தியசாலைகள், மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, 'மிட்வைஃப்' என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக ஏறி இறங்கியது. கர்ப்பிணியின் வீங்கிய காலை வேளைக்குக் கண்டு, பிரஷரைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கைகள் அவை. உயிர் பிழைத்த தாய்மாரில் பலருக்குத் தாம் பிழைத்ததே தெரியாது.

'ஆஸ்பத்திரியில் ஏச்சு வாங்கிய எங்களையா நன்றி சொல்லச் சொல்கிறீர்?' என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எல்லோரையும் மலக்குகள் என்று மொத்தமாகப் புகழ்கையில் ஏசியவரும் அதில் ஒளிந்துகொள்கிறார். இதமாக நடந்தவரின் வேலையும் அடையாளமிழந்து போகிறது. நல்ல வேலை எது என்று அறிந்தவரே தீயதைத் துணிந்து கண்டிக்கவும் முடியும்.

ஆசிரியர்களாகிய எமக்கு ஒக்டோபர் 6இல் பூங்கொத்துகள் கிடைக்கின்றன. எல்லாம் அழகானவை. ஆனால் மனதில் தங்குவது, 'அந்தக் கணக்கை நீங்கள் மூன்றாம் தடவையும் விளக்கினீர்களே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது' என்று ஒரு மாணவன் சொல்லும் வாக்கியம். அவன் வேலையைப் பார்த்திருக்கிறான்.

பாராட்டு என்பது முதலில் பார்த்தல். ஒருவரின் வேலையை உற்றுப் பார்த்தவர், அவருக்கு ஓய்வறை இல்லாததையும், மேலதிக நேரக் கொடுப்பனவு தாமதமாவதையும், மூவர் வேலையை ஒருவர் செய்வதையும் பார்க்காதிருக்க முடியாது. அவற்றைக் கண்ட பிறகு அவருடைய நன்றி வாயோடு நின்றுவிடாது. அந்த ஊழியருக்காக ஒரு மனுவில் கையெழுத்திடும், ஓர் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசும். அடுத்த முறை வாட்டுக்குப் போகும்போது, நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரின் பெயரைக் கேட்டறிவதிலிருந்து நாம் தொடங்கலாம்.